எண் 1147-இன் உடைமைகள்

"இந்த ஆடு?"

"கப்பலுக்கு."

"ஆடா?"

"பால் வேணாமா? கேப்டன் விடிஞ்சதும் காபிக்குப் பால் கேப்பாரு. நடுக்கடல்ல நான் எங்க போவேன், திமிங்கிலத்தையா கறப்பேன்?"

கோர்ட் அமீனா திமோலெயோன் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து ஆட்டின் விலாவைப் பார்த்தார். கறுப்பு ஆடு. வெள்ளைப் பெயிண்டால் 1147 என்று எழுதியிருந்தது. எழுதும்போது ஆடு நகர்ந்திருக்க வேண்டும். ஏழின் கால் மட்டும் வயிறுவரை இழுபட்டிருந்தது. அவர் குறிப்பேட்டில் எழுதினார்: 'ஆடு, ஒன்று. கடலோடியின் தொழிற்கருவி. ஜப்தி செய்ய இயலாது.'

"அடுத்தது?"

அடுத்தது சமையலறையில் இருந்தது. சிவப்புத் தோல் தைத்த சலூன் நாற்காலி. மிதித்தால் உயரும். அடுப்புக்கும் சுவருக்கும் இடையே அது அடைத்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லிக்கொண்டிருந்த அர்கிரிஸின் மனைவி மரூசா மூன்று நாளாகப் பக்கவாட்டில் நின்றே சமைத்தாள்.

"இது எதுக்கு?"

"உக்கார."

"கப்பல் சமையல்கட்டுல சலூன் நாற்காலியா?"

"கப்பல் ஆடும் இல்ல? சாதா நாற்காலி கவுந்துடும். இதத் தரையோட திருகி வெச்சிட்டா புயல்லயும் உக்காந்து உருளைக்கிழங்கு உரிக்கலாம்."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற லினார்டோஸ் தலையை ஆட்டி ரசித்தான். சந்தின் நாவிதன் அவன். ஜப்தி உத்தரவு அவன் பேரில்தான் வந்திருந்தது. பாக்கிப் பணத்துக்காகச் சோப்பு வியாபாரி வாங்கிய உத்தரவு.

"அருமையான நாற்காலி மாமா" என்றான் லினார்டோஸ். "எங்க வாங்கினீங்க?"

"மார்செய்ல."

"எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. எங்க போச்சுன்னே தெரியல."

"தேடிப் பாரு தம்பி" என்றார் திமோலெயோன், எழுதிக்கொண்டே. "கெடைச்சா எனக்குச் சொல்லு. சாட்சிக் கையெழுத்து இங்க."

லினார்டோஸ் தன் நாற்காலி அர்கிரிஸ் ப்ரின்டேஸிஸுக்குச் சொந்தமானது என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து அவனுக்கு.

சட்டம் அப்படி இருந்தது. துறைமுக அலுவலகச் சுவரில், ராஜா ராணி படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கியது. கடலோடியின் துணிமணி, பெட்டி, தொழிலுக்கு வேண்டிய சாமான்கள் ஆகியவற்றை எந்தக் கடனுக்காகவும் எவரும் பறிமுதல் செய்யலாகாது. கடலோடியின் சம்பளத்தை அடமானம் பிடிக்கலாகாது, விட்டுக்கொடுக்கும்படி கேட்கலாகாது. கப்பல் ஏலத்துக்கு வந்தால் வங்கிக்கு முன்னால், அரசாங்கத்துக்கு முன்னால், கடலோடிக்கே முதல் உரிமை. அந்தக் கிரேக்கத் தீவின் எர்முபொலித் துறைமுகத்தில் வேறு எந்த மனிதனையும் சட்டம் இப்படிக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளவில்லை. அர்கிரிஸ் அந்தச் சட்டத்தைப் பலமுறை படித்தவர். அந்தச் சட்டம் அவரை ஒருமுறை காப்பாற்றியும் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்பு அவர் 'இர்மினியா' என்ற சரக்குக் கப்பலில் சமையல்காரர். முதலாளி கரம்பிஸ், இதே தீவுக்காரர், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். ஓரான் துறைமுகத்தில் கப்பலைக் கட்டிப் போட்டுவிட்டு, பணம் வருகிறது வருகிறது என்று தந்தி அடித்துக்கொண்டிருந்தார். பதினோரு மாதம். கடைசி இரண்டு மாதம் அர்கிரிஸ் துறைமுகத்துப் பூனைகளோடு போட்டியிட்டு மீன் பொறுக்கிச் சூப்பு வைத்தார். பிறகு தூதரகம் டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பியது. ஊரில் வக்கீல் வைத்தார். வழக்கு ஜெயித்தது. பதினோரு மாதச் சம்பளத்துக்கும் கப்பலின் மீது அர்கிரிஸுக்கே முதல் உரிமை என்று நீதிபதி எழுந்து நின்று படித்தார். ஏலத்துக்காக இழுத்து வரும் வழியில் 'இர்மினியா' மூழ்கிப்போயிற்று. அதை யாரும் காப்பீடு செய்திருக்கவில்லை.

கப்பல் இல்லை. உரிமை இருந்தது.

தீர்ப்பின் நகலுக்கு அவர் கண்ணாடிச் சட்டம் போட்டார். கடலோடிகளின் காவலரான புனித நிக்கோலஸ் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எண்ணெய் வீணாகக் கூடாது என்று மரூசா இரண்டுக்கும் நடுவில் ஒரே விளக்கைத் தொங்கவிட்டாள். இனி ஒரு கப்பலிலும் ஏறுவதில்லை என்று அர்கிரிஸ் அந்த விளக்கின் முன்னால் சத்தியம் செய்தார். ஆனால் தன் கடலோடிப் புத்தகத்தை, 1147 என்று எண் குத்தியதை, தூக்கிப் போடவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

ஜப்திக்குப் பயந்து முதலில் வந்தவன் லினார்டோஸ்தான். சவரக் கத்திகளைத் துண்டில் சுருட்டி எடுத்து வந்தான். "மாமா, ஒரு ரெண்டு நாளைக்கு உங்க பெட்டியில கெடக்கட்டும்." அமீனா வந்தார், பெட்டியைப் பார்த்தார், கடலோடிப் புத்தகத்தைப் பார்த்தார், போய்விட்டார். அடுத்த வாரம் தோல் பதனிடுகிறவன் தன் சுவர்க் கடிகாரத்தோடு வந்தான். அதற்கடுத்த வாரம் விதவை கத்தெரீனா தையல் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இது கடலோடி சாமான்னு நான் எப்படி நம்பறது?" என்று திமோலெயோன் அப்போது கேட்டார். நியாயமான கேள்வி. கப்பலில் ஒவ்வொருவனும் தன் கரண்டியில், தட்டில், கம்பளியில் தன் எண்ணை எழுதிவைப்பான். அதுதான் வழக்கம், அதுதான் அத்தாட்சி. சந்து சேர்ந்து ஒரு டப்பா படகுப் பெயிண்ட் வாங்கியது.

ஆரம்பத்தில் அமீனா வருகிறார் என்று தெரிந்தால் மட்டும் எழுதினார்கள். பிறகு, எப்போது வருவாரோ என்று முன்கூட்டியே எழுதினார்கள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. பிரேயஸிலிருந்து புதுமணத் தம்பதிக்கு வந்த இரும்புக் கட்டிலுக்குக் கழுதை வண்டியில் இருந்து இறக்கும் முன்பே எண் விழுந்தது. மீன் சந்தைக்கும் தோல் கொட்டகைக்கும் இடையிலான அந்தச் சந்தில் தராசு, தொட்டில், பாதிரியாரின் குடை எல்லாம் 1147. எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். விளக்குக்குப் பக்கத்தில் தொங்கிய தீர்ப்பு. அதை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

அர்கிரிஸுக்கு வாழ்வு வந்தது. வாரம் ஒரு வீட்டிலிருந்து சோம்பு போட்ட தொத்திறைச்சியும் பாலாடைக்கட்டியும் வரும். லினார்டோஸ் சனிக்கிழமை தோறும் ஓசியில் சவரம் செய்துவிடுவான். முப்பது வருடம் கப்பலில் பாத்திரம் தேய்த்தவரைச் சந்து முழுக்க "கேப்டன்" என்று கூப்பிட்டது. அவர் காபிக்கடைக்குள் நுழைந்தால் ஜன்னல் ஓர நாற்காலி காலியாகும். அந்த நாற்காலியிலும் 1147 இருந்தது.

அன்று லினார்டோஸ் கையெழுத்துப் போட்ட பிறகும் திமோலெயோன் குறிப்பேட்டை மூடவில்லை. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புத்தகத்த ஒரு தடவ காட்டுங்க, அர்கிரிஸ்."

"நூறு தடவ பாத்தது தானே?"

"காட்டுங்க."

அர்கிரிஸ் தலையணைக்குக் கீழிருந்து எடுத்து வந்தார். திமோலெயோன் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, கடைசி முத்திரையில் நிறுத்தினார்.

"கடைசியா கப்பல விட்டு எறங்கின தேதி. மூணு வருஷத்துக்குள்ள மறுபடி ஏறலேன்னா புத்தகம் செத்துடும். வர சனிக்கிழமையோட மூணு வருஷம். இன்னிக்கு புதன்."

"செத்தா சாகட்டும்."

"அப்புறம் நீங்க கடலோடி கெடையாது. வெறும் அர்கிரிஸ்."

லினார்டோஸ் சிரித்தான். "அதனால என்ன அமீனா சார்? மாமா சாமான்தானே போகும்? அவருகிட்ட என்ன இருக்கு, ரெண்டு சட்டை. நாங்க எங்க சாமானத் தூக்கிட்டுப் போயிடறோம்."

"எந்தச் சாமான்?" என்றார் திமோலெயோன். குறிப்பேட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். "சவரக் கத்தி பன்னெண்டு, ப்ரின்டேஸிஸுக்குச் சொந்தம், சாட்சி லினார்டோஸ். கடிகாரம் ஒண்ணு, ப்ரின்டேஸிஸுக்குச் சொந்தம், சாட்சி லினார்டோஸ். தையல் மிஷின் ஒண்ணு. இரும்புக் கட்டில் ஒண்ணு. தொட்டில்... தம்பி, ரெண்டு வருஷமா நீங்க எல்லாரும் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டு, பெயிண்ட்ல வேற எழுதி வெச்சிருக்கீங்க. இந்தச் சந்துல இருக்கறது பூரா இவரோடது."

ஆடு முற்றத்தில் கத்தியது.

"சரி, இருக்கட்டுமே" என்றான் லினார்டோஸ் மெதுவாக. "மாமாவுக்குக் கடன் ஒண்ணும் இல்லையே."

மரூசா அடுப்பிலிருந்து திரும்பாமல் சொன்னாள்: "வக்கீலுக்கு யாரு குடுத்தா?"

வக்கீலுக்கு யாரும் கொடுக்கவில்லை. பதினோரு மாதச் சம்பளத்தை ஜெயித்துக் கொடுத்ததற்கான கட்டணம் இரண்டு வருடமாக வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. வக்கீல் கோபப்பட்டதில்லை, திட்டியதில்லை. வழியில் பார்த்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார்.

"அவரு ஏற்கெனவே ஜப்தி மனு எழுதி வெச்சிட்டாரு" என்றார் திமோலெயோன். "தேதிய மட்டும் விட்டு வெச்சிருக்காரு."

பிறகு அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"என் கிராமபோனும் உங்க மச்சுலதான் இருக்கு. மறந்துட வேணாம்."

அது ஈஸ்டர் சமயத்தில் வந்தது. மச்சானுக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்ட திமோலெயோன், கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுநாள் பக்கத்து வட்டார அமீனாவைக் கூட்டிக்கொண்டு வந்து, அது கடலோடியின் பொருள் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

அன்று மாலை சந்து முழுதும் லினார்டோஸின் கடையில் கூடியது. நாற்காலி இல்லாத இடத்தில் ஒரு எலுமிச்சம்பழப் பெட்டி கிடந்தது. அர்கிரிஸை அதில் உட்கார வைத்தார்கள். கடலைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தைகளை அவர் முப்பது வருடத்தில் கேட்டதில்லை.

"கடல் காத்து நெஞ்சுக்கு அவ்வளவு நல்லது கேப்டன்."

"நீங்க வெக்கற பருப்பு சூப்புக்கு ஒரு கப்பலே காத்துக் கெடக்கும்."

"நான் ஆம்பளையாப் பொறந்திருந்தா நானே போயிருப்பேன்" என்றாள் கத்தெரீனா. ஆட்டுக்கும் தையல் இயந்திரத்துக்கும் சொந்தக்காரி அவள்தான்.

"இப்பவும் போகலாம், உன் மீசையப் பாத்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றான் தோல்காரன்.

"உன் கடிகாரத்தோட உன்னையும் சேத்து ஏலம் போடப் போறாங்க பாரு. உனக்குத்தான் வெலை படியாது."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார் அர்கிரிஸ். "விளக்கு முன்னால."

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். பாதிரியார் தன் குடையைப் பார்த்தார். "கடலுக்குப் போறதில்லன்னு புனித நிக்கோலஸ்கிட்ட சத்தியம் பண்றது, மாவு மெஷின்காரன்கிட்ட ரொட்டி தின்ன மாட்டேன்னு சொல்ற மாதிரி" என்றார். "அவரு அத கணக்குலயே எடுத்திருக்க மாட்டாரு."

வீட்டுக்குத் திரும்பும்போது அர்கிரிஸ் மரூசாவிடம் கேட்டார். "நீ என்ன சொல்ற?"

"ரெண்டு வருஷமா என் வீட்டுல எனக்கு நிக்க எடமில்ல. அடுத்தவ கட்டில்ல இடிச்சிக்கிட்டு, அடுத்தவ கடிகாரச் சத்தத்துல தூங்கறேன். நீ ஓரான்ல இருந்தப்ப பதினோரு மாசம் இந்தச் சந்துல ஒருத்தன் ஒரு கைப்பிடி பருப்பு தந்ததில்ல. இப்ப எல்லாருக்கும் நீ கேப்டன்." வாசல் படியில் கால் வைத்தாள். "ஆனா அந்த தொட்டில்ல கொழந்த இருக்கு மனுஷா. அது என்ன பண்ணுச்சு?"

சனிக்கிழமைக்கு முன்னால் ஆள் எடுத்துப் பதிவு செய்யும் கப்பல் துறைமுகத்தில் ஒன்றுதான் இருந்தது. கப்பல் பட்டறையில் பழுது பார்த்து முடித்து நின்ற 'நேயா எல்பிஸ்'. புது நம்பிக்கை என்று பொருள். புதுப் பெயிண்ட். சமையல்காரன் போன வாரம்தான் ஓடிப்போயிருந்தான். காகிதத்தில் முதலாளி கரம்பிஸ் இல்லை, அவருடைய மருமகன். மருமகனுக்கு வயது இருபத்திரண்டு, ஏதென்ஸில் பல் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தான். கப்பல் தனக்குச் சொந்தம் என்பது அவனுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

வெள்ளிக்கிழமை காலை துறைமுக அலுவலகத்தில் கப்பலின் ஏஜென்ட் காத்திருந்தார். எண்ணெய் தடவிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. மேசைக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா முத்திரையை மையில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சட்டம் தொங்கியது.

"சமையல்காரர்னா எங்களுக்குச் சந்தோஷம்" என்றார் ஏஜென்ட். "சின்ன ஒரு சம்பிரதாயம். இதுல ஒரு கையெழுத்து."

அர்கிரிஸ் படித்தார். 'இர்மினியா' கப்பலில் தனக்குச் சேர வேண்டிய சம்பளம் முழுவதையும் பெற்றுக்கொண்டதாகவும், இனி கரம்பிஸ் குடும்பத்தின் எந்தக் கப்பலின் மீதும் தனக்கு எவ்வித உரிமையும் இல்லை என்றும் எழுதியிருந்தது.

"எனக்கு ஒரு காசு வரலியே."

"அதனாலதான் எழுதிக் கேக்கறோம். வந்திருந்தா ரசீது இருக்குமே."

அர்கிரிஸ் குமாஸ்தாவைப் பார்த்தார். "அய்யா, உங்க தலைக்கு மேலயே இருக்கு. சம்பளத்த விட்டுக்குடுக்கச் சொல்லி கேக்கக் கூடாதுன்னு."

குமாஸ்தா நிமிர்ந்து சட்டத்தைப் பார்த்தார், அது அங்கே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது போல. "சரிதான். இந்த மாதிரித் தாள் செல்லவே செல்லாது. கோர்ட்டுல கிழிச்சுப் போட்டுடுவாங்க."

"செல்லவே செல்லாது" என்று ஏஜென்டும் ஒத்துக்கொண்டார்.

"செல்லாத தாளுக்கு என் கையெழுத்து எதுக்கு?"

"செல்லாததுல போடறதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் ஏஜென்ட். "செல்லற தாளா இருந்தா நாங்க கேக்கவே மாட்டோம். அது சட்டவிரோதம்."

"உங்களுக்கு இதுல முழுப் பாதுகாப்பு இருக்கு" என்றார் குமாஸ்தா. "பயப்படாம போடுங்க."

"கூடவே அந்தத் தீர்ப்போட நகலு. ஃபைல்ல வெக்கணும்" என்றார் ஏஜென்ட். "அது இல்லாம இந்தத் தாளுக்கு அர்த்தம் இருக்காது."

அதையும் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அர்கிரிஸ் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அக்குளில் இடுக்கியிருந்த பொதியை அவர் மேசையில் வைக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். படகுத்துறைக் கல்லில் சந்து வரிசையாக உட்கார்ந்திருந்தது. லினார்டோஸ், பாதிரியார், தோல்காரன், மடியில் குழந்தையோடு கட்டில்காரப் பெண், கயிற்றில் ஆட்டைப் பிடித்தபடி கத்தெரீனா. கொஞ்சம் தள்ளி, இவர்களோடு சம்பந்தமில்லாதவர் போல, திமோலெயோன். அதற்கும் அப்பால், காபிக்கடை நிழலில் வக்கீல். அவர் அர்கிரிஸைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார்.

ஓரானில் கடைசி மாதம் அவரோடு இருந்த இயந்திர அறை எண்ணெய்க்காரன் ஒருவன் தினமும் கேட்பான், சம்பளம் வந்ததும் முதலில் என்ன வாங்குவாய் என்று. அர்கிரிஸ் ஒவ்வொரு நாளும் ஒரே பதில் சொன்னார். மரூசாவுக்கு ஒரு கம்பளிக் கோட்டு, பச்சை நிறத்தில். அந்தக் கோட்டு இத்தனை நாள் அந்தக் கண்ணாடிக்குள்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மரூசாவிடம் அவர் இதைச் சொன்னதில்லை.

கையெழுத்துப் போட்டார். பொதியை மேசையில் வைத்தார்.

ஏஜென்ட் செய்தித்தாளைப் பிரித்தார். கண்ணாடிச் சட்டத்தைத் திருப்பி, பின்பலகையின் ஆணிகளைப் பேனாக்கத்தியால் பக்குவமாக நெம்பி, தீர்ப்பை உருவி எடுத்தார். சட்டத்தையும் கண்ணாடியையும் திருப்பிக் கொடுத்தார். "இது உங்களோடது. இத நாங்க எடுக்கக் கூடாது."

குமாஸ்தா புத்தகத்தில் முத்திரை குத்தினார். 1147 பிழைத்தது. வெளியே சந்து கைதட்டியது. திமோலெயோன் தட்டவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பயணத்துக்குச் சாமான் கட்ட அர்கிரிஸ் தன் பெட்டியைத் திறந்தார். அதைத் திறந்து வெகுநாள் ஆகியிருந்தது. சவரக் கத்திகள் இருந்தன. வெள்ளிக் கரண்டிகள், ஒரு திருமணக் கிரீடம், தெரு விளக்குக்காரனின் வயலின், யாருடையதென்று நினைவில்லாத பீங்கான் சாஸர்கள். அவருடைய சட்டைகள், உள்ளாடைகள், கம்பளிக் காலுறைகள் எல்லாம் பீங்கான் உடையாமலிருக்கக் கிழித்துச் சுற்றப்பட்டிருந்தன.

"என் துணி எங்க?"

"அதான் பாக்கறியே" என்றாள் மரூசா. "உன் பெட்டியில நீ ஒருத்தன்தான் இல்ல."

அவள் கத்தெரீனாவின் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து, மாவுச் சாக்கு ஒன்றை மடித்து ஒரு பை தைத்தாள். லினார்டோஸ் இரண்டு சட்டை கொண்டுவந்து கொடுத்தான். பாதிரியார் ஒரு ஜோடிக் காலுறை. தோல்காரன் இடுப்பு வார். எல்லாம் பைக்குள் போனதும், வாசலில் இருந்த பெயிண்ட் டப்பாவை லினார்டோஸ் எடுத்துவந்து, யோசிக்காமலே, பையின் மேல் 1147 என்று எழுதினான்.

"அது என்னுதுதாண்டா" என்றார் அர்கிரிஸ்.

"இருக்கட்டும் மாமா. ஒரு பாதுகாப்புக்கு."

மறுநாள் சனிக்கிழமை. வடக்குக் காற்று. 'நேயா எல்பிஸ்' பதினொன்றே முக்காலுக்குப் புறப்பட்டது. அர்கிரிஸ் கப்பலில் இருபத்திரண்டு பேருக்குப் பருப்பு சூப்பு வைத்தார். முதல் மாதச் சம்பளம் அடுத்த துறைமுகத்தில் தரப்படும் என்று கேப்டன் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். வக்கீல் துறைமுக அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, தன் மனுவில் காலியாக விட்ட தேதியில் வரப்போகும் ஓர் ஆண்டை மட்டும் பென்சிலால் எழுதி உறையில் வைத்தார். லினார்டோஸும் தோல்காரனும் சலூன் நாற்காலியைக் கடைக்குத் தூக்கிச் சென்றார்கள். மத்தியானத்துக்குள் ஐந்து பேருக்குச் சவரம் நடந்தது. இரண்டு மணிக்குத் திமோலெயோன் வேறொரு உத்தரவோடு சந்துக்கு வந்து மூன்று பொருள்களைப் பார்வையிட்டு, மூன்றும் கடலோடியுடையவை என்று எழுதிக்கொண்டு போனார். மரூசா அடுப்புக்கு முன்னால் நேராக நின்று கத்தரிக்காய் வறுத்தாள். வெறும் சட்டத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். ஆறு மணிக்கு விளக்கில் எண்ணெய் ஊற்றினாள்.